மூன்றும் மூன்றும்

காஸ்ட்ரோவில் மழை ஒரு செய்தியே அல்ல.
ஆய்வகத்தின் தகரக் கூரை
இரவெல்லாம் அதை வாசிக்கிறது,
கேட்பார் இல்லை.

சிப்பிச் சதை அரைத்த புட்டியின் மேல்
"அடுக்கு: பூஜ்ஜியம்" என்று எழுதி ஒட்டினேன்.
இன்னும் எதிலும் கலக்காதது.
பத்தை ஒருமுறைகூடத் தொடாவிட்டால்
மிஞ்சுவது 'ஒன்றுமில்லை' அல்ல,
ஒன்று.
பள்ளியில் இதற்காகச் சண்டை போட்டுத் தோற்றவள் நான்.
இப்போது அதற்குத்தான் பசை தடவுகிறேன்.

ஒரு மில்லி எடுத்து ஒன்பதில் விட்டால்
மைனஸ் ஒன்று.
அதிலிருந்து ஒரு மில்லி அடுத்த ஒன்பதில்:
மைனஸ் இரண்டு.
தலைக்கு மேல் மைனஸ் இருந்தால்
கடன்பட்டதாக அர்த்தமில்லை.
கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.
பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று...
எத்தனை இறங்கினாலும்
பூஜ்ஜியத்தின் வாசலை மிதிக்காத பிடிவாதம்.

இரண்டு நாள் கழித்துத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
நூறு புள்ளிகள்.
பேனாவால் குத்திக் குத்தி எண்ணினேன்.
மைனஸ் ஒன்றின் தட்டு அது.
பத்தின் இரண்டைப் பத்தின் மைனஸ் ஒன்றால் வகுக்க
அடுக்குகளைக் கழி:
இரண்டிலிருந்து மைனஸ் ஒன்றை எடு.
மூன்று. ஆயிரம்.
மற்றக் கிருமிக்கும், நம்பமாட்டீர்கள்,
அதே நூறு, அதே மூன்று.

படிவத்தின் கடைசிக் கட்டம்
"மொத்தம்" என்றது.
மணி நாலு. குவளையில் மாத்தே ஆறிக் கசந்திருந்தது.
மூன்றும் மூன்றும் ஆறு என்று நிரப்பிக்
கையெழுத்திட்டேன்: லாஸ்டெனியா நாகுயில்.

பத்தின் ஆறாம் அடுக்கு.
பத்து லட்சம்.

விடிவதற்குள் டால்காவே துறையில்
லாரிகளைத் திருப்பிவிட்டார்கள்.
ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினார்.
பத்துப் பேரும் தலைக்குப் பத்து.
அவர்களும்.
மூன்றே சுற்று, ஆயிரம் கைபேசி.
அந்த ஆயிரமும் ஆளுக்கு ஆயிரம் பேரைப் பிடித்திருந்தால்
மூன்று இருமடங்காகி
என் ஆறு அங்கேயாவது உண்மையாகியிருக்கும்.

ரெமிகியோ சிகுவாய் வந்தான்.
தொப்பியைக் கழற்றவில்லை.
அவன் பூட்ஸிலிருந்து கடல் என் தரையில் சொட்டியது.
தாளை என் பக்கம் தள்ளினான்.

"என் மிதவையில் பத்து வரிசை.
வரிசைக்குப் பத்துக் கயிறு. கயிற்றுக்குப் பத்துக் கொத்து.
ஆயிரம் கொத்து எனக்கு.
பக்கத்து மிதவையில் மச்சினனுக்கும் ஆயிரம்.
ரெண்டையும் சேர்த்தால் பத்து லட்சமா?
அப்படியென்றால் சொல்லு,
இன்றைக்கே கல்வீடு கட்டுகிறேன்."

பெருக்கலுக்கென்று தந்த சலுகையைக்
கூட்டலுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
அடிமானம் ஒன்றுதான், வாஸ்தவம்.
பெருக்கினால்
அடுக்கின் மேல் அடுக்கு ஏறிக்கொள்ளும்.
கூட்டினால்
ஆயிரத்தின் பக்கத்தில் ஆயிரம் வந்து நிற்கும்,
தோளில் ஏறாது.
இரண்டாயிரம்.
எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே.

திருத்திய தாள் ஒன்பது மணிக்குப் போனது.
அதை யாரும் பத்துப் பேருக்கு அனுப்பவில்லை.

தொலைபேசியை எடுத்தேன்.
செனோன் யான்காபானிக்கு ஒன்று.
கேன்டலாரியாவின் உணவகத்துக்கு ஒன்று,
சிப்பிப் பானையைக் குப்பையில் கொட்டிவிட்டாளாம்,
அதற்குமேல் அவள் சொன்னதை எழுத முடியாது.
லாரிக்காரருக்கு ஒன்று. பனிக்கட்டி ஆலைக்கு ஒன்று.
ஒன்று கூட்டல் ஒன்று கூட்டல் ஒன்று.
குறுக்கு விதி எதுவும் இதற்கு இல்லை.
ரெமிகியோ போகவில்லை,
அடுப்புக்கு விறகு போட்டுவிட்டு
அடுத்த எண்ணைப் படித்துச் சொன்னான்.

நாற்பத்தோராவது அழைப்பை ஒரு சிறுமி எடுத்தாள்.
அப்பா படகில் என்றாள். என்ன சொல்லட்டும் என்றாள்.
"மூன்றும் மூன்றும்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
"இரண்டாயிரம்தான் என்று சொல்."

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது,
அவள் பக்கமும் என் பக்கமும்.

"இரண்டாயிரம் என்ன?" என்றாள்.